பொத்தானை அழுத்தும் முன் ஒரு கேள்வி

நேயர்களுக்கு வணக்கம்.

பிள்ளைகள் படிப்பதற்கு வேண்டியது எல்லாமே இன்று இணையத்தில் காசில்லாமல் கிடைக்கிறது. படக்கதை, கணக்குப் பயிற்சி, அறிவியல் சோதனை, ஆசிரியருக்கான பாடத் திட்டம் என்று தேடினால் வந்து குவிகிறது. "நல்ல லிங்க் இருந்தால் அனுப்புங்களேன்" என்று ஆசிரியர்களும் பெற்றோரும் என்னிடம் கேட்காத நாள் குறைவு. அனுப்புகிறேன். கூடவே ஒன்றையும் சொல்லித்தான் அனுப்புகிறேன்: பிள்ளை இதைத் தொடுவதற்கு முன்னால் நீங்கள் அவளிடம் என்ன கேட்கப்போகிறீர்கள் என்று முடிவு செய்துகொள்ளுங்கள். கேட்க ஒன்றும் தோன்றவில்லை என்றால் இன்றைக்கு அதைத் திறக்க வேண்டாம், நாளைக்குப் பார்க்கலாம்.

இதை ஒரு உதாரணத்தோடு சொன்னால்தான் புரியும். அமெரிக்காவின் கொலராடோ பல்கலைக்கழகத்தில் 2002-ல் கார்ல் வீமன் என்ற இயற்பியலாளர் 'ஃபெட்' என்ற திட்டத்தைத் தொடங்கினார். அதற்கு முந்தைய ஆண்டுதான் அவருக்கு நோபல் பரிசு கிடைத்திருந்தது. திரையிலேயே தொட்டு இழுத்துச் செய்து பார்க்கும் அறிவியல், கணக்குச் சோதனைகள் அந்தத் தளத்தில் ஏராளம். எல்லாம் இலவசம். அதில் சமநிலை பற்றிய ஒரு சோதனை உண்டு. பூங்காவில் இரண்டு பக்கமும் பிள்ளைகள் உட்கார்ந்து ஏறி இறங்குவார்களே, அந்த மாதிரி ஒரு பலகை. அதன்மேல் வெவ்வேறு எடையுள்ள செங்கற்களை வைக்கலாம். பலகையின் கீழே இரண்டு தூண்கள் முட்டுக்கொடுத்து நிற்கின்றன. தூண் இருக்கும்வரை எந்தப் பக்கம் எவ்வளவு எடை வைத்தாலும் பலகை அசையாது. ஒரு பொத்தானைத் தட்டினால் தூண்கள் போய்விடும், பலகை தன் நிலைக்கு வரும்.

பிள்ளையிடம் இதைக் கொடுத்துவிட்டு நாம் எழுந்து போய்விட்டால், அவள் செங்கல்லைக் கண்டபடி அடுக்குவாள், பலகை சாய்வதைப் பார்த்துச் சிரிப்பாள், ஐந்து நிமிடத்தில் வேறு பக்கம் போய்விடுவாள். தவறில்லை, விளையாட்டும் வேண்டியதுதான். ஆனால் பக்கத்தில் உட்கார்ந்து, இடது பக்கம் நடுவிலிருந்து ஒரு மீட்டர் தள்ளி 10 கிலோ செங்கல்லை வைத்துவிட்டு, "இந்தா 5 கிலோ. வலது பக்கம் இதை எங்கே வைத்தால் பலகை நேராக நிற்கும்? சொல்லிவிட்டு அப்புறம் தூணை எடு" என்று கேட்டுப் பாருங்கள். பெரும்பாலும் பிள்ளைகள் முதலில் அதே ஒரு மீட்டரைத்தான் காட்டுவார்கள். தூண் போகிறது, பலகை சாய்கிறது. முகத்தில் ஒரு யோசனை வரும். விரல் தானாகவே செங்கல்லைக் கொஞ்சம் கொஞ்சமாக வெளியே நகர்த்தும். இரண்டு மீட்டரில் பலகை நேராக நிற்கும். எடையையும் தூரத்தையும் பெருக்கிப் பார்க்க வேண்டும் என்று இனி நீங்கள் சொல்லவே வேண்டாம், இன்னும் இரண்டு தடவை செய்தால் அவளே சொல்லிவிடுவாள். அந்தத் தூண்களை வடிவமைத்தவர்களை நான் மனதாரப் பாராட்டுகிறேன். யோசித்துச் சொல்வதற்கு அவை நேரம் கொடுக்கின்றன. அந்த நேரத்தில் கேள்வி கேட்க ஒரு ஆள் வேண்டும், அவ்வளவுதான்.

கதைப் புத்தகத்துக்கும் இது பொருந்தும். 1988-ல் க்ரோவர் ஒயிட்ஹர்ஸ்ட் என்ற உளவியலாளரும் அவரோடு வேலை செய்தவர்களும் ஓர் ஆய்வை வெளியிட்டார்கள். மூன்று வயதுகூட நிரம்பாத குழந்தைகள். ஒரு பகுதிப் பெற்றோருக்கு மட்டும், படக்கதையைப் படித்துக்காட்டும்போது இடையில் நிறுத்திக் கேள்வி கேட்கவும், குழந்தை சொன்னதையே இன்னும் கொஞ்சம் நீட்டித் திருப்பிச் சொல்லவும் பயிற்சி கொடுத்தார்கள். மற்றப் பெற்றோர் வழக்கம்போலப் படித்துக்காட்டினார்கள். இரண்டு பக்கமும் ஏறக்குறைய அதே அளவு வாசிப்புதான். ஒரே மாதத்தில், கேள்வி கேட்கப்பட்ட குழந்தைகள் பேச்சில் தெளிவாக முன்னே போயிருந்தார்கள். இதற்குச் செலவு எதுவும் இல்லை. "அது என்ன?" என்று கேட்டால் "நாய்" என்று வரும். "நாய் ஏன் அங்கே போய் ஒளிந்துகொண்டது?" என்று கேட்டால் ஒரு வாக்கியம் வரும். "ஆமாம், இடி இடித்ததும் பயந்து கட்டிலுக்கு அடியில் ஒளிந்துகொண்டது" என்று நாம் நீட்டிச் சொன்னால், அடுத்த தடவை அவன் வாக்கியமும் நீளும்.

சரி, இப்படிப் படித்துக்காட்டப் புத்தகம் எங்கே? பிரதம் புக்ஸ் நிறுவனம் 2015-ல் தொடங்கிய 'ஸ்டோரிவீவர்' தளத்தைத்தான் நான் முதலில் சொல்வேன். தமிழும் சேர்த்து நூற்றுக்கணக்கான மொழிகளில் படக்கதைகள் இருக்கின்றன. வாசிக்கத் தொடங்கும் பிள்ளையிலிருந்து தானாகச் சரளமாகப் படிக்கும் பிள்ளைவரை நான்கு நிலைகளாகப் பிரித்து வைத்திருக்கிறார்கள். படிக்கலாம், இறக்கிக்கொள்ளலாம், அச்சடிக்கலாம். இதெல்லாம் வேறு இடங்களிலும் உண்டு. இங்கே இன்னொன்றும் செய்யலாம்: கதையை உங்கள் மொழிக்கு மாற்றலாம், கடினமான கதையை எளிமையாகத் திருத்தி எழுதலாம், அங்குள்ள படங்களை எடுத்துப் புதுக் கதையே கட்டலாம். வகுப்பில் நாற்பது பிள்ளைகளில் பத்துப் பேர் நீண்ட வாக்கியத்தில் தடுமாறுகிறார்கள் என்று வையுங்கள். ஆசிரியர் அதே கதையைச் சின்னச் சின்ன வாக்கியமாக எழுதி, அதே படத்தோடு அவர்களுக்குக் கொடுக்கலாம். எல்லாப் பிள்ளைகளும் ஒரே கதையைப் பற்றிப் பேசலாம். பிள்ளைகளையே முடிவை மாற்றி எழுதச் சொன்னால், அதுவே ஒரு வாரத்துப் பாடமாகிவிடும்.

இப்படி எடுத்து மாற்றுவதற்கான அனுமதியைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகவே சொல்ல வேண்டும், ஏனென்றால் பலர் இதைக் கவனிப்பதில்லை. ஒரு பொருள் இணையத்தில் இலவசமாகப் பார்க்கக் கிடைக்கிறது என்பதால் அதை நகலெடுக்கவும் மாற்றவும் நமக்கு உரிமை வந்துவிடாது. எதுவும் குறிப்பிடாமல் இருந்தால் பதிப்புரிமை உண்டு என்றே கொள்ள வேண்டும். வகுப்பறைக்கென்று பல நாட்டுச் சட்டங்கள் சலுகை தருகின்றன, உண்மைதான். ஆனால் நான்கு தளங்களில் இருந்து எடுத்துத் தொகுத்து நம் பெயரில் எல்லோருக்கும் அனுப்பி வைப்பது பொதுவாக அந்தச் சலுகைக்குள் வராது. இந்தச் சிக்கலுக்கு வழிசெய்யத்தான் 2002-ல் 'கிரியேட்டிவ் காமன்ஸ்' உரிமங்கள் வந்தன. பக்கத்தின் அடியில் சின்ன அடையாளங்களாக இருக்கும். ஒரு மனித உருவம் இருந்தால், ஆக்கியவர் பெயரைச் சொல்லிவிட்டுப் பயன்படுத்தலாம் என்று அர்த்தம். காசுக் குறியை அடித்துக் காட்டியிருந்தால், வணிகத்துக்குப் பயன்படுத்தக்கூடாது. சமக் குறி இருந்தால், மாற்றி அமைத்ததைப் பிறருக்குக் கொடுக்கக்கூடாது. சுற்றித் திரும்பும் அம்பு இருந்தால், நீங்கள் மாற்றியதையும் அதே உரிமத்தில்தான் வெளியிட வேண்டும்.

ஆசிரியர்களே, அந்தச் சமக் குறியை மட்டும் தவறாமல் கவனியுங்கள். அது இல்லாத பொருளாகப் பார்த்து எடுங்கள். நமக்கு முன்னால் இருக்கும் பிள்ளைக்கு எந்தப் பொருளும் அப்படியே பொருந்தியதாக வராது, கொஞ்சமாவது திருத்தத்தான் வேண்டியிருக்கும். ஐ.நா.வின் கல்வி அமைப்பான யுனெஸ்கோவும் இப்படி மாற்றவும் பகிரவும் அனுமதிக்கிற பொருள்களைத்தான் 'திறந்த கல்வி வளங்கள்' என்கிறது. 2002-ல் அதன் கூட்டத்தில் பிறந்த பெயர் அது. 2019-ல் உறுப்பு நாடுகள் இவற்றை வளர்க்க வேண்டும் என்று முறையான பரிந்துரையாகவே ஏற்றுக்கொண்டார்கள்.

அமெரிக்காவின் எம்.ஐ.டி. பல்கலைக்கழகத்தில் உருவாகி 2007-ல் வெளிவந்த, பிள்ளைகளுக்கான 'ஸ்க்ராட்ச்' என்ற கணினி நிரல்மொழிக்கும் இதே குணம்தான். அங்கே யாரோ ஒரு பிள்ளை செய்து பகிர்ந்த விளையாட்டை உங்கள் பிள்ளை திறந்து, உள்ளே எப்படிச் செய்திருக்கிறார்கள் என்று பார்த்து, தன் இஷ்டப்படி மாற்றலாம். "இந்தப் பூனை இன்னும் மெதுவாக ஓட வேண்டும் என்றால் எந்த எண்ணை மாற்றுவாய்?" என்று கேட்டுவிட்டு ஒதுங்கி நில்லுங்கள், போதும்.

ஒர்க்‌ஷீட்டுகளைப் பற்றி என் கருத்தை மறைக்காமல் சொல்கிறேன். நூறு தாள்களை இறக்கி அச்சடித்துக் கட்டி வைப்பதில் எனக்கு நம்பிக்கை இல்லை. கோடிட்ட இடத்தை நிரப்புகிற பிள்ளை அமைதியாக உட்கார்ந்திருப்பது பெரியவர்களுக்கு வசதி. ஒரு தாள் போதும், அதை வைத்து அரைமணி நேரம் பேச முடியுமானால். பெற்றோருக்கும் ஒரு வேண்டுகோள்: வீட்டை இரண்டாவது பள்ளிக்கூடமாக ஆக்கிவிடாதீர்கள். இன்னொன்று, பிள்ளையின் பெயர், பிறந்த தேதி, புகைப்படம் எல்லாம் கேட்கும் 'இலவச' செயலிகளைத் தள்ளியே வையுங்கள். நான் சொல்கிற கதைகளையும் சோதனைகளையும் பிள்ளையின் விவரம் எதுவும் கொடுக்காமலே திறந்து பயன்படுத்தலாம்.

திரையே வேண்டாம் என்கிறீர்களா? அதற்கும் நல்ல பொருள் இருக்கிறது. நியூசிலாந்தின் கேன்டர்பரி பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த டிம் பெல்லும் நண்பர்களும் உருவாக்கிய 'அன்பிளக்டு' என்ற தொகுப்பு, கணினியே இல்லாமல் கணினி அறிவியலைச் சொல்லிக்கொடுக்கிறது. அதில் எனக்கு மிகவும் பிடித்த ஒன்றை இப்போதே சொல்கிறேன், கேட்டுக்கொண்டே மனதில் வாங்கிக்கொள்ளுங்கள். ஒரு பக்கம் வண்ணமும் மறு பக்கம் வெள்ளையுமாக 36 அட்டைகள் வேண்டும். பழைய காகிதத்தை வெட்டினாலே போதும். பிள்ளையிடம் 25 அட்டைகளைக் கொடுத்து, குறுக்கே ஐந்து வரிசையும் மேலிருந்து கீழாக ஐந்து நிரலுமாக, வண்ணமோ வெள்ளையோ இஷ்டப்படி அடுக்கச் சொல்லுங்கள். அடுக்கியதும், "இன்னும் கடினமாக்கலாமா?" என்று சொல்லிக்கொண்டே ஒவ்வொரு வரிசையின் கடைசியிலும் ஒரு அட்டையை நீங்கள் சேருங்கள். அந்த வரிசையில் வண்ண அட்டைகளின் எண்ணிக்கை இரட்டைப்படையாக இருக்கும்படி பார்த்துச் சேர்க்க வேண்டும். ஒன்றுகூட வண்ணம் இல்லாவிட்டால் அதுவும் இரட்டைப்படைக் கணக்குத்தான். பிறகு கீழேயும் ஒரு புது வரிசை, ஒவ்வொரு நிரலுக்கும் அதே கணக்கு. கடைசி மூலை தானாகவே இரண்டு பக்கமும் பொருந்தி வரும்.

இப்போது நீங்கள் திரும்பிக்கொள்ளுங்கள். பிள்ளை ஒரே ஒரு அட்டையைப் புரட்டி வைக்கட்டும். திரும்பிப் பார்த்து, எந்த வரிசையில் வண்ணம் ஒற்றைப்படையாக இருக்கிறது, எந்த நிரலில் ஒற்றைப்படையாக இருக்கிறது என்று தேடுங்கள். இரண்டும் சந்திக்கும் இடத்தில் இருப்பதுதான் புரட்டிய அட்டை. பிள்ளை நம்ப மாட்டாள். "இன்னொரு தடவை" என்பாள். ரகசியத்தை மட்டும் உடனே சொல்லிவிடாதீர்கள். "நான் ஏன் அந்தக் கூடுதல் அட்டைகளை வைத்தேன்?" என்று கேளுங்கள். சில பிள்ளைகள் அன்றே பிடித்துவிடுவார்கள், சிலர் இரண்டு மூன்று நாள் அதையே நினைத்துக்கொண்டு திரிவார்கள். கண்டுபிடித்ததும், இரண்டு அட்டைகளைப் புரட்டினால் என்ன ஆகும் என்று அடுத்ததைக் கேட்கலாம். கணினிகள் ஒன்றுக்கொன்று தகவல் அனுப்பும்போது வழியில் பிழை நேர்ந்தால் கண்டறிவது இந்த மாதிரிக் கூடுதல் எண்களால்தான். ஏதாவது ஒரு புத்தகத்தின் பின்னட்டையில் இருக்கும் 13 இலக்க எண்ணைக் காட்டுங்கள். அதன் கடைசி இலக்கம், முன்னால் உள்ள பன்னிரண்டும் சரிதானா என்று சரிபார்ப்பதற்காகவே வைக்கப்பட்டது.

இணைய இணைப்பு சரியாக இல்லாத இடங்களுக்கு 'கிவிக்ஸ்', 'கோலிப்ரி' என்று இரண்டு மென்பொருள்கள் உண்டு. கிவிக்ஸில் விக்கிப்பீடியாவையே மொத்தமாக இறக்கி வைத்துப் படிக்கலாம். கோலிப்ரியைப் பள்ளியின் பழைய கணினி ஒன்றில் போட்டு, பாடங்களையும் காணொளிகளையும் ஒரு தடவை இறக்கிவிட்டால், அந்த அறையிலுள்ள மற்றக் கருவிகள் இணையம் இல்லாமலே அதிலிருந்து எடுத்துக்கொள்ளும். நான் சொன்ன ஃபெட் சோதனைகளையும் தனித்தனியாக இறக்கி வைத்துக்கொள்ளலாம்.

கடைசியாக, பெரிய பிள்ளைகள் இருக்கும் வீட்டுக்கும் வகுப்புக்கும் ஒன்று. 2007-ல் 'கேலக்ஸி ஜூ' என்ற தளம் தொடங்கியது. தொலைநோக்கி எடுத்த விண்மீன் திரள்களின் படங்கள் லட்சக்கணக்கில் குவிந்து கிடந்தன. அவற்றைப் பார்த்து வகைபிரிக்கப் பொதுமக்களையே அழைத்தார்கள். நெதர்லாந்தைச் சேர்ந்த ஹன்னி வான் ஆர்கல் என்ற பள்ளி ஆசிரியை அப்படிப் பார்த்துக்கொண்டிருந்தபோது, ஒரு திரளின் பக்கத்தில் விநோதமான ஒளித்திட்டு ஒன்றைக் கவனித்து, "இது என்ன?" என்று அங்கேயே கேட்டார். வானியலாளர்களுக்கும் உடனே பதில் தெரியவில்லை. ஏறக்குறைய 65 கோடி ஒளியாண்டு தொலைவில், ஒரு காலத்தில் மிகப் பிரகாசமாக ஒளிர்ந்து அடங்கிப்போன ஒரு திரள் மையத்தின், அதாவது குவேசாரின், பழைய ஒளி பட்டு ஒளிர்கிற வாயு மேகம் அது என்று பிறகு தெரிந்தது. ஹபிள் தொலைநோக்கியும் அதைப் படம் எடுத்தது. இன்றும் அந்த மேகம் அவர் பெயரால்தான் அழைக்கப்படுகிறது.

அந்தத் திட்டம் வளர்ந்து இப்போது 'ஜூனிவர்ஸ்' என்ற பெரிய தளமாக இருக்கிறது. காட்டில் வைத்த கேமராவில் பதிவான விலங்குகளை அடையாளம் காண்பது, பழைய கையெழுத்துப் பிரதிகளைப் படித்துத் தட்டச்சு செய்வது என்று பல வேலைகள் அங்கே காத்திருக்கின்றன. வார இறுதியில் பிள்ளையோடு உட்கார்ந்து ஒரு பத்துப் படம் பாருங்கள். எது வித்தியாசமாகத் தெரிகிறது என்று அவளையே சொல்லச் சொல்லுங்கள். இருவருக்கும் விளங்காத படம் வந்தால், அங்குள்ள விவாதப் பகுதியில் நீங்கள் பிள்ளையின் கேள்வியை அவள் சொன்ன வார்த்தைகளிலேயே எழுதிப் போடுங்கள். அந்த ஆராய்ச்சியைச் செய்கிறவர்களும் அதைப் படிக்கிறார்கள்.

நன்றி, வணக்கம்.