பழைய டிஎல்எஸ்ஸை மூடுங்கள், புதியதையும் சேர்த்து மூடாதீர்கள்

[திரை: கல்முனைச் சந்தையில் ஒரு கடை மேசை. அன்ட்ரொயிட் 4.4 போனில் 'இணைக்க முடியவில்லை']

சம்மாந்துறை அரிசி ஆலை ஒன்றின் சேர்வரில், இணைய இணைப்பை மறைகுறியாக்கிக் காக்கும் டிஎல்எஸ் முறையின் பழைய வேர்ஷனான 1.0ஐ மூடியாயிற்று என்று வைத்துக்கொள்வோம். மறுநாள் இந்தக் கடையின் ஓடர் வரவில்லை. திரும்பத் திறந்துவிடலாமா?

வேண்டாம். அது 1999ஆம் ஆண்டுச் சரக்கு. 1.0, 1.1 இரண்டையும் கைவிடச் சொல்லி 2021இல் ஆர்எஃப்சி 8996 என்ற இணையத் தரநிலை ஆவணம் வந்துவிட்டது. இந்தப் போனுக்குள் 1.2 இருக்கிறது, தானாக இயங்காது, அவ்வளவுதான். ஆப் எழுதியவர் இயக்கிவிட்டால் சரி.

[திரை: சேர்வர் கோட், ஒரு இஃப் வரி சிவப்பில்]

உண்மையான வில்லங்கம் இங்கே. கிளையன்ட், அதாவது இணைப்பைக் கேட்கும் ஆப் அல்லது பிரவுசர், தனக்குத் தெரிந்த உச்ச வேர்ஷனைச் சொல்லும். சேர்வர் தன் உச்சத்தோடு ஒப்பிட்டு, இரண்டில் சிறியதை எடுக்கவேண்டும். அது 1.2க்குக் கீழே போனால் மட்டும் மறுக்கலாம். ஆனால் பலர் எழுதியது, 'தெரியாத எண்ணா, இணைப்பை அறுத்துவிடு' என்று. பழையதைத் தடுக்கப் போட்ட வரி புதியதையும் தடுத்தது.

விளைவு? அறுந்தால் ஒரு படி இறங்கி மறுபடி முயல பிரவுசர்கள் பழகின. இணைப்பின் நடுவில் புகுந்திருக்கும் தாக்குபவன் வேண்டுமென்றே அறுத்து அறுத்து, டிஎல்எஸ்ஸுக்கும் முந்திய எஸ்எஸ்எல் 3.0 வரை இறக்கிவிடலாம். 2014இல் வெளிவந்த பூடில் தாக்குதல் அந்த வழியாகத்தான் உள்ளே வந்தது.

[திரை: முதல் செய்தியின் பைட்டுகள்]

இப்படிப்பட்ட சேர்வர்களுக்குப் பயந்து, 2018இல் வந்த 1.3 வேஷம் போட்டுக்கொண்டது. பழைய வேர்ஷன் இடத்தில் 1.2இன் எண்ணையே எழுதும். உண்மைப் பட்டியல் 'சப்போர்ட்டட் வேர்ஷன்ஸ்' என்ற தனி எக்ஸ்டென்ஷனில், அதாவது செய்தியோடு சேர்த்து அனுப்பும் கூடுதல் பகுதியில். அது இருந்தால் உங்கள் கோட் அதை மட்டும் பார்க்கட்டும், இல்லாவிட்டால் பழைய இடத்தை. பட்டியலில் புரியாத எண் கிடந்தால் தாண்டிப் போங்கள். குரோம் அப்படி அர்த்தமில்லாத எண்களை வேண்டுமென்றே போடுகிறது, அறுக்கிற சேர்வர்கள் மாட்டிக்கொள்ளட்டும் என்று. குறும்புதான், ஆனால் நல்ல குறும்பு.

1.3 தெரிந்த சேர்வர் 1.2க்கு இறங்கினால், தன் பதில் செய்தியில் அனுப்பும் ரேண்டம் எண்ணின் கடைசி 8 பைட்டில் அதற்கான அடையாளத்தை வைக்கவேண்டும். யாரோ இடையில் இறக்கியிருந்தால் கிளையன்ட் அதைப் பார்த்துக் கண்டுபிடித்துவிடும்.

ஓப்பன்எஸ்எஸ்எல், கோ மொழியின் நூலகம் போன்ற டிஎல்எஸ் நூலகங்கள் எல்லாம் இதைத் தாமே செய்கின்றன. நீங்கள் குறைந்தபட்சம் 1.2 என்று ஒரு வரி போட்டால் போதும். உச்ச எல்லையை மட்டும் கையால் எழுதாதீர்கள். 1.2 என்று எழுதிவிட்டால், நூலகத்தை எத்தனை முறை அப்டேட் செய்தாலும் 1.3 ஓடாது.