கயிறு கட்டுவதற்கு முன்

நேயர்களுக்கு வணக்கம்.

கொங்கு நாட்டில் உட்கார்ந்துகொண்டு பனிமலைப் பாதையில் மாட்டிக்கொண்ட வண்டியை மீட்பதைப் பற்றி ஏன் பேச வேண்டும் என்று சிலருக்குத் தோன்றலாம். சங்ககிரி, நாமக்கல் லாரிகள் காஷ்மீர் வரைக்கும் லோடு ஏற்றிப் போகின்றன. திருச்செங்கோட்டு போர்வெல் ரிக் வண்டிகள் வடக்கே எங்கெங்கோ கிடக்கின்றன. அது போக, கோவையிலும் திருப்பூரிலும் இருந்து சொந்தக் காரில் குடும்பத்தோடு மணாலிக்கும் லடாக்குக்கும் கிளம்புகிறவர்கள் இப்போது பெருகிவிட்டார்கள். திம்பம் மலையின் 27 கொண்டை ஊசி வளைவுகளையும் சாதாரணமாக ஏறி இறங்குகிற ஓட்டுநர்கூட, பனியில் சக்கரம் முதல்முறை வெறுமனே சுற்றும்போது கை நடுங்கிப் போவார்.

நான் சத்தியமங்கலம் பக்கம் ஜீப் பட்டறை வைத்திருக்கிறேன். மழைக்காலத்தில் கடம்பூர் மலையில், மாக்கம்பாளையம் போகிற வழியில், பள்ளத்துத் தண்ணீரிலும் சேற்றிலும் மாட்டிக்கொள்ளும் வண்டிகளை நண்பர்களோடு போய் எடுத்துவிடுவது எங்கள் பழக்கம். காசு வாங்குவதில்லை. இதே வேலையைப் பனியில் செய்கிறவர்கள் உலகம் முழுக்க இருக்கிறார்கள். அமெரிக்காவில் கொலராடோ, யூட்டா மலைகளில் தார் ரோட்டை விட்டு விலகிய பாதைக்கு இழுவை வண்டிக்காரர்கள் பெரும்பாலும் வரமாட்டார்கள். வந்தாலும் கேட்கிற தொகை தாங்காது. அங்கே தச்சர், ஆசிரியர், மெக்கானிக் என்று வேறு வேறு பிழைப்பில் இருக்கிறவர்கள், தகவல் கிடைத்ததும் சொந்த ஜீப்பில் சொந்த எண்ணெய் போட்டுக்கொண்டு மலையேறுகிறார்கள். அவர்கள் வேலையை நெருங்கிப் பார்த்தால் ஒன்று தெரியும். இழுப்பதற்கு ஆகும் நேரம் கொஞ்சம்தான். இழுப்பதற்கு முன்னால் செய்கிற காரியங்களில்தான் உயிர் தப்புவதும் தப்பாததும் இருக்கிறது.

2022 ஜனவரியில் பாகிஸ்தானின் மர்ரீ என்ற மலைநகரத்தில் நடந்ததைச் சொல்கிறேன். கிட்டத்தட்ட நம் ஊட்டியின் உயரம்தான் அந்த ஊரும். பனி பார்க்க வந்த கூட்டம், ராத்திரி கொட்டிய பனியில் வழியிலேயே நின்றுவிட்டது. 20 பேருக்கு மேல் கார்களுக்குள்ளேயே இறந்துபோனார்கள், குழந்தைகள் உட்பட. குளிர் மட்டும் காரணமில்லை. ஹீட்டருக்காக இன்ஜினை ஓட விடுவோம். சைலன்சர் வாயைப் பனி மூடிவிடும். புகையில் இருக்கும் கார்பன் மோனாக்சைடு வண்டிக்குள் ஏறும். அதற்கு நிறமில்லை, வாசமில்லை. தலை வலிக்கும், தூக்கம் வருகிற மாதிரி இருக்கும். தூங்கினால் எழுந்திருக்க முடியாது. அதனால்தான் பனியில் உதவிக்குப் போகிறவர், வண்டி எப்படிப் புதைந்திருக்கிறது என்று பார்ப்பதற்கு முன்பே கண்ணாடியைத் தட்டி உள்ளே இருப்பவர்களிடம் பேச்சுக் கொடுப்பார். அடுத்து சைலன்சர் வாயைத் தோண்டி விடுவார். மர்ரீயில் அக்கம்பக்கத்து ஜனங்கள் பனியில் நடந்து வந்து, சிக்கியவர்களுக்குச் சாப்பாடும் போர்வையும் கொடுத்து, தங்கள் வீடுகளில் இடம் கொடுத்தார்கள். வண்டியைத் தொடாமலே செய்த மீட்பு அது. எனக்கு அதுதான் பெரிதாகத் தெரிகிறது.

சரி, வண்டிக்கு வருவோம். பனியில் சக்கரம் சுற்றினால் அந்தச் சூட்டில் அடியில் இருக்கும் பனி கொஞ்சம் உருகும். காலை எடுத்தவுடன் அது கண்ணாடி மாதிரி உறையும். மறுபடி மிதித்தால் வண்டி இன்னும் இறங்கும். கடைசியில் வண்டியின் அடிச்சட்டமான சேஸ் பனி மேட்டில் உட்கார்ந்துகொள்ள, நாலு சக்கரமும் பிடிமானம் இல்லாமல் தொங்கும். ஃபோர் வீல் டிரைவ் இருந்தும் பிரயோஜனமில்லை. சக்கரம் வெறுமனே சுற்ற ஆரம்பித்த உடனே ஆக்சிலரேட்டரிலிருந்து காலை எடுத்துவிட வேண்டும். இதை மட்டும் எல்லோரும் கேட்டால் பாதி வண்டிகளுக்கு யாருடைய உதவியும் வேண்டியிருக்காது.

உளையில் இறங்கிய காங்கேயம் மாட்டைக் கழுத்தில் கயிறு போட்டு யாராவது இழுப்பார்களா? காலைச் சுற்றிச் சேற்றை வாரிவிட்டு, வைக்கோலையும் தழையையும் போட்டு, அது தானாகக் காலை ஊன்றி எழ வழி செய்வார்கள். பனியிலும் அப்படித்தான். முதலில் மண்வெட்டி. சக்கரத்துக்கு முன்னால், பின்னால், வண்டியின் வயிற்றுக்கு அடியில் என்று பொறுமையாகத் தோண்ட வேண்டும். அப்புறம் டயரில் காற்றைக் குறைக்க வேண்டும். வழக்கமாக 30 பாயிண்ட் வைப்பதை 15 வரை இறக்கினால், டயர் அகலமாகப் படுத்துப் பனியின் மேல் நிற்கும். சக்கரத்துக்கு அடியில் பலகையோ, கால்மிதியோ கொடுக்க வேண்டும். இவ்வளவும் செய்தால் பல வண்டிகள் ஒரு தள்ளில் வெளியே வந்துவிடும்.

அதற்கும் வரவில்லை என்றால்தான் கயிறு. இதை நான் கொஞ்சம் அழுத்தியே சொல்ல வேண்டும், ஏனென்றால் நம் ஊரில் நான் பார்த்துப் பார்த்து வருத்தப்படும் விஷயம் இது. வண்டி இழுக்கும்போது சுற்றிலும் கூட்டம் நிற்கும். விறைத்துக் கிடக்கும் கம்பி வடத்தைத் தாண்டிச் சின்னப் பிள்ளைகள் ஓடும். அந்த வடத்தில் எத்தனையோ டன் இழுவை ஏறி நிற்கிறது. அறுந்தால் சாட்டை மாதிரி திரும்பி வந்து அடிக்கும். இப்போது மீட்புக்காரர்கள் வைத்திருக்கும் நைலான் கயிறு, ரப்பர் போலக் கிட்டத்தட்ட மூன்றில் ஒரு பங்கு நீண்டு, சுருங்கும் வேகத்தில் வண்டியைப் பிடுங்கும். பனிக்கு அருமையான கயிறு. ஆனால் அதை டிரெய்லர் மாட்டும் உருண்டையில் மாட்டினால், உருண்டை பிய்த்துக்கொண்டு துப்பாக்கிக் குண்டு போலப் பறக்கும். அப்படி ஆட்கள் செத்திருக்கிறார்கள். சேஸில் இதற்கென்றே இருக்கும் கொக்கியில்தான் மாட்ட வேண்டும். கயிற்றின் நடுவில் கனமான சாக்கையோ கம்பளியையோ போட வேண்டும். வேடிக்கை பார்க்கிறவர்கள் கயிற்றின் நீளத்தைப் போல ஒன்றரை மடங்கு தூரம் தள்ளி நிற்க வேண்டும். சைகை காட்டுகிறவர் ஒருவர் மட்டுமே. நாலு பேர் நாலு பக்கம் கத்தினால் ஓட்டுகிறவர் யார் பேச்சைக் கேட்பார்?

வண்டியிலேயே பொருத்தியிருக்கும், வடத்தைச் சுற்றி இழுக்கும் கருவிதான் வின்ச். எங்கள் மலையில் அதை மாட்ட மரத்துக்குப் பஞ்சமில்லை. மரத்தில் அகலமான பட்டையைச் சுற்றி, அதில் கொக்கியைப் போடுவோம். மரமே இல்லாத உயரத்தில் என்ன செய்வார்கள்? இழுக்கும் திசைக்குக் குறுக்கே பனியில் ஆழமாகக் குழி வெட்டி, ஸ்டெப்னியைக் குத்தாகப் புதைத்து, கயிறு வெளியே வருவதற்கு ஒரு வாய்க்கால் வெட்டி, மேலே பனியைப் போட்டு மிதித்து இறுக்குவார்கள். வெறும் பனியும் ஒரு டயரும் சேர்ந்து வண்டியின் பாரத்தைத் தாங்கிவிடும். ஒரு கப்பி போட்டால் வின்ச்சின் பலம் கிட்டத்தட்ட இரண்டு மடங்கு. குளிரில் விரல் மரத்துப்போன நிலையில் இவ்வளவையும் ஒருவர் முன்பின் தெரியாத இன்னொருவருக்காகச் செய்கிறார் என்பதை நினைத்துப் பாருங்கள்.

செய்யாமல் விடுவதற்கும் துணிச்சல் வேண்டும். பனி மூடிய மலைப் பாதையில் ஓரம் எது, பள்ளம் எது என்று தெரியாது. கோலால் குத்திப் பார்த்துத்தான் கால் வைப்பார்கள். இருட்டிவிட்டால், மேலே சரிவில் பனி திரண்டு நின்றால், ஆட்களை மட்டும் கூட்டிக்கொண்டு இறங்கிவிடுவார்கள். வண்டி அங்கேயே கிடக்கும். சில சமயம் பனி உருகும் வரைக்கும். 2024 டிசம்பர் கடைசியில் மணாலிக்கு மேலே சோலங் பகுதியில் நூற்றுக்கணக்கான வண்டிகள் மாட்டியபோதும், முதலில் கீழே கொண்டுவரப்பட்டவர்கள் மனிதர்கள்தான்.

வடக்கே போகும் நம்மவர்களுக்குச் சில வார்த்தைகள். இங்கே போட்ட டீசலோடு கடுங்குளிருக்குள் போகாதீர்கள். மெழுகு மாதிரி கட்டிப்பட்டு ஃபில்டரை அடைத்துவிடும். லடாக்கில் மைனஸ் 33 டிகிரி வரை உறையாத குளிர்கால டீசலை இந்தியன் ஆயில் 2019-லிருந்து விற்கிறது. மணாலி தாண்டினால் அடல் சுரங்கம் 9 கிலோமீட்டர். சுரங்கத்துக்கு இந்தப் பக்கம் வெயில் அடித்தாலும் அந்தப் பக்கம் பனி கொட்டலாம். சக்கரச் சங்கிலி, மண்வெட்டி, கம்பளி, தண்ணீர் வண்டியில் இருக்கட்டும். போனைச் சட்டைக்குள் வையுங்கள், குளிரில் பேட்டரி சீக்கிரம் இறங்கும்.

உங்கள் வண்டியை யாராவது எடுத்துக் கொடுத்துவிட்டுக் காசு வேண்டாம் என்றால் வற்புறுத்தாதீர்கள். அவர்கள் தங்கள் டயரிலும் காற்றை இறக்கிவிட்டுத்தான் வந்திருப்பார்கள். உங்களிடம் காற்றடிக்கும் பம்ப் இருந்தால் எடுத்துக் கொடுங்கள், நாலு டயருக்கும் காற்று ஏறும் வரைக்கும் கூடவே நில்லுங்கள்.

நன்றி, வணக்கம்.