எம்டிபி சைக்கிளுக்கு ஸ்லிக் டயர் போட்டா மழையில வழுக்குமா?

சரி, அடுத்த கேள்வி. போரூர்ல இருந்து ஒரு தம்பி கேட்டிருக்கார், படிக்கிறேன். "அண்ணா, என்கிட்ட 26 இன்ச் எம்டிபி இருக்கு, டயர் 2.1. தினமும் தி.நகர் ஆபீஸுக்கு அதுலதான் போறேன். மிதிச்சு மிதிச்சு கால் ஓஞ்சு போகுது. பட்டன் டயரைக் கழட்டிட்டு ஸ்லிக் போடலாமா? மழையில வழுக்கி விழுந்துடுவேன்னு வீட்டுல பயப்படுறாங்க. பின்னாடி மட்டும் போட்டா போதுமா?"

தாராளமா போடுங்க தம்பி. புதுசா பாக்குறவங்களுக்கு: எம்டிபின்னா மவுண்டன் பைக், அதோட டயர்ல குமிழ் குமிழா ரப்பர் நீட்டிட்டு இருக்கும், அதுதான் பட்டன். ஸ்லிக்னா பட்டன் இல்லாத வழவழ டயர். கால் ஏன் ஓஞ்சு போகுதுன்னு இதைப் பாத்தாலே தெரியும். என்னோட பழைய டயர்தான், கிட்ட காட்டுறேன் இருங்க. இந்தப் பட்டனைக் கட்டைவிரலால தள்ளுறேன், சாயுது பாருங்க. விட்டா நிமிருது. ரோட்டுல போகும்போது ஒவ்வொரு பட்டனும் தரையைத் தொடுறப்ப இப்படித்தான் நசுங்கி, சாஞ்சு, நிமிருது. அதுக்குச் செலவாகுறது உங்க கால் பலம். தார் ரோட்டுல "ஊஊ"ன்னு ஒரு சத்தம் வரும்ல, அதுவும் இதாலதான்.

இப்ப வீட்டுல இருக்குற பயத்துக்கு வர்றேன். கார் டயர்ல காடி, அதாவது பள்ளக் கோடு, வெட்டியிருக்கான், அதனால நம்ம டயருக்கும் காடி வேணும்னு நினைக்கிறோம். கார் டயர் தரையில படுற இடம் அகலம். அடியில தண்ணி மாட்டினா வெளியேற வழி வேணும், அதுக்குத்தான் அந்தக் காடி. சைக்கிள் டயர் தரையில படுற இடம் நம்ம ரெண்டு விரல் அகலம்கூட வராது, அதுவும் படகு மாதிரி முனை குறுகி இருக்கும். தண்ணியை ரெண்டு பக்கமும் ஒதுக்கிட்டுப் போயிடும். காத்து சரியா இருக்குற சைக்கிள் டயர் தண்ணி மேல மிதக்கணும்னா 100 கிலோமீட்டர் வேகத்துக்கு மேல போகணும். ஆற்காடு ரோட்டு டிராஃபிக்ல நாம போறதே 15, 20. சொல்லப்போனா ஈரத் தார்ல ஸ்லிக் டயருக்குத்தான் பிடி ஜாஸ்தி, ஏன்னா ரப்பர் முழுசா தரையில உக்காருது. பட்டன் டயர்ல பட்டன் உச்சி மட்டும்தான் படுது.

அப்ப வழுக்கவே வழுக்காதான்னு கேட்டா, வழுக்கும். ஜீப்ரா கிராஸிங் பெயின்ட், பாதாளச் சாக்கடை இரும்பு மூடி, மெட்ரோ வேலைக்குப் போட்டு வச்ச இரும்புத் தகடு, இதுங்க மேல மழைத் தண்ணி நின்னா எந்த டயரும் போகும். அங்க ஹேண்டிலைத் திருப்பாதீங்க, பிரேக்கைப் பிடிக்காதீங்க, நேரா உருட்டிட்டுப் போயிடுங்க. சேறு விஷயம் வேற. தோண்டி மூடின இடத்துல மண்ணு கரைஞ்சு ரோட்டுக்கு வந்திருக்கும் பாருங்க, அதுல பட்டன் டயர்தான் ராஜா. அதை மறைக்க மாட்டேன். உங்க வழியில அப்படி அரை கிலோமீட்டர் இருந்தா இறங்கித் தள்ளிட்டுப் போங்க, அதுல ஒண்ணும் மானம் போயிடாது.

நான் பயப்படுறது அகலத்துக்குத்தான். ஸ்லிக்னு சொன்னதும் 1.25 இன்ச் அகலத்துல வாங்கிட்டு வந்துடுறாங்க. அது நம்ம ஊருக்கு வேலைக்கு ஆகாது. மழைநீர் வடிகால் கம்பி இடுக்குல இறங்கும். பள்ளத்துல விழுந்தா ட்யூப் ரிம்முக்கும் கல்லுக்கும் நடுவுல நசுங்கி, பாம்பு கடிச்ச மாதிரி பக்கத்துல பக்கத்துல ரெண்டு ஓட்டை விழும். 1.5, இல்லன்னா 1.75 போடுங்க. கொஞ்சம் செலவு பண்ண முடிஞ்சா ஷ்வால்பே பிக் ஆப்பிள் மாதிரி குண்டு டயர்ல, பட்டன் இல்லாததும் கிடைக்குது. குலுங்காம போகணும்னு நினைக்கிறவங்களுக்கு என் ஓட்டு அதுக்குத்தான்.

வாங்குற இடத்துல ஒரு விஷயம். "26 டயர் குடுங்க"ன்னு மட்டும் கேக்காதீங்க. நான் அப்படிக் கேட்டு, கடைக்காரர் குடுத்ததை வாங்கிட்டு வந்து மாட்டினேன். ரிம்முல உக்காரவே இல்ல, பெரிய ஆள் சட்டையைச் சின்னப் பையனுக்குப் போட்ட மாதிரி லொடலொடன்னு ஆடுது. பாத்தா அது 26 பை 1 3/8, சாதா சைக்கிள் டயர். பக்கத்துல பொடி எழுத்துல 590ன்னு இருக்கு. நம்ம எம்டிபிக்கு வேண்டியது 559. ரெண்டுக்கும் பேரு 26தான், குறுக்களவுல 31 மில்லிமீட்டர் வித்தியாசம். அதனால 40-559, 47-559, இப்படி இருக்கான்னு பாத்து வாங்குங்க. முதல் எண் டயர் அகலம், ரெண்டாவது டயர் ரிம்முல உக்காருற இடத்தோட குறுக்களவு, ரெண்டும் மில்லிமீட்டர்ல. 27.5 வச்சிருக்கவங்களுக்கு 584, 29க்கு 622. பழைய டயர் ஓரத்துலயே எழுதியிருக்கும், போன்ல போட்டோ எடுத்துட்டுப் போங்க.

ட்யூபையும் மாத்திடுங்க. 2.1க்கு இருந்த ட்யூபை 1.5க்குள்ள திணிச்சா மடிஞ்சுக்கும், அந்த மடிப்புலயே ஓட்டை விழும்.

காத்து: உங்க எடை 70 கிலோ பக்கம்னா, 1.5 டயருக்குப் பின்னாடி 50, 55 பிஎஸ்ஐ (காத்தோட அழுத்த அளவு), முன்னாடி 45ல ஆரம்பிங்க. டயர் ஓரத்துல போட்டிருக்கிற உச்ச அளவைத் தாண்டாதீங்க. மழை நாள்ல ஒரு 5 குறைச்சுக்கலாம். பெட்ரோல் பங்க்ல பிடிக்க வேணாம், சைக்கிள் ட்யூப்ல காத்து கொள்றதே கொஞ்சம்தான், அந்த மெஷின் நொடியில ஏத்திடும். மீட்டர் வச்ச கைப் பம்பு ஒண்ணு வாங்கி வச்சுக்கோங்க.

ஸ்பீடோ மீட்டர் இருந்தா அளவைத் திருத்துங்க. சக்கரம் சின்னதாகிடும், திருத்தலன்னா 100 கிலோமீட்டருக்கு 4 கிலோமீட்டர் கிட்ட கூடக் காட்டும். நண்பர்கள்கிட்ட பெருமை பேசறதுக்கு ஆகும், வேற எதுக்கும் ஆகாது.

பின்னாடி மட்டும் போட்டா போதுமான்னு கேட்டீங்களே. உங்க எடை பாதிக்கு மேல பின் சக்கரத்துலதான் இறங்குது, அதனால மிதி லேசாகுறதுல பெரும் பங்கு அங்கதான் கிடைக்கும். கையில ஒண்ணு வாங்கத்தான் காசு இருக்குன்னா பின்னாடி போட்டு ஓட்டுங்க, அடுத்த மாசம் முன்னாடி மாத்திக்கலாம். முன்னாடி ஸ்லிக், பின்னாடி பட்டன்னு மட்டும் மாத்திப் போடாதீங்க. சேத்துல முன் சக்கரம் சறுக்கினா சமாளிக்க நேரமே இருக்காது.

அடுத்து டிஸ்க் பிரேக் கீச்சுன்னு கத்துதுன்னு ஒருத்தர் கேட்டிருக்கார், அதைப் பாப்போம்.