340,000 கிலோமீற்றர் ஓடிய பென்ஸை ஏன் வாங்கினேன்?

வணக்கம் உறவுகளே. இன்று வீட்டு முற்றத்தில் இருந்தே பேசுகிறேன். எனக்குப் பின்னால் மாமரத்தின் கீழ் நிற்பதுதான் நீங்கள் கேட்டுக்கொண்டிருந்த கார். 1994ஆம் ஆண்டு மெர்சிடிஸ் பென்ஸ் ஈ 220. டபிள்யூ 124 என்று அழைக்கப்படும் உடலமைப்பு. நான் வாங்கிய அன்று மீற்றர் 340,000 கிலோமீற்றரைத் தாண்டியிருந்தது. "இவ்வளவு ஓடிய காரை யாராவது காசு கொடுத்து வாங்குவார்களா தம்பி?" என்று எங்கள் ஒழுங்கையில் கேட்காதவர்கள் இல்லை. மூன்று வருடம் ஓட்டிவிட்டேன். இப்போது பதில் சொல்கிறேன்.

அந்த நேரத்தில் இலங்கையில் வாகன இறக்குமதி நிறுத்தப்பட்டிருந்தது. 2020 மார்ச்சில் நிறுத்தினார்கள், தனியார் வாகனங்களுக்கு 2025 பெப்ரவரியில்தான் மறுபடி திறந்தார்கள். ஆகவே நாட்டுக்குள் இருந்த பழைய கார்களில்தான் தேட வேண்டியிருந்தது. இரண்டு கார்கள் அகப்பட்டன, இரண்டும் இதே வகை. முதலாவது கோண்டாவிலில், வெறும் 78,000 கிலோமீற்றர். உரிமையாளர் கனடாவில் இருக்கிறார். நல்லூர்த் திருவிழாவுக்கு வரும்போது இரண்டு வாரம் ஓடும், பிறகு அடுத்த ஆவணி வரை கொட்டகைக்குள் நிற்கும். பெயின்ற் கண்ணாடி போல இருந்தது. உண்மையைச் சொல்கிறேன், என் மனம் அதில்தான் போய் ஒட்டிக்கொண்டது.

என்னுடன் வந்த மெக்கானிக் அண்ணை எதுவும் பேசாமல் ரயரின் பக்கவாட்டைத் துடைத்துக் காட்டினார். 2109 என்று இருந்தது. 2009ஆம் ஆண்டின் 21ஆவது வாரத்தில் செய்த ரயர். பற்கள் புதிதாக இருந்தன, ஆனால் இறப்பர் முழுவதும் மயிர்வெடிப்பு. பிறகு காருக்குக் கீழே படுத்துப் பார்த்தோம். கியர்பொக்ஸையும் பின்சில்லையும் இணைக்கும் தண்டில் ஓர் இறப்பர் வட்டு இருக்கும், அது பிளந்திருந்தது. பிரேக் குழாய்கள் ஊதிப்போயிருந்தன. தாங்கியில் கிடந்த பெற்றோல் வார்னிஷ் மணம் அடித்தது. ஓடும் காரில் எண்ணெய் எல்லா இடத்துக்கும் போய் சீல்களை ஈரமாக வைத்திருக்கும். நிற்கும் காரில் அவை காய்ந்து சுருங்கிவிடும். அந்த 78,000 கிலோமீற்றரை நம்பி வாங்கியிருந்தால், இறப்பராலான ஒவ்வொன்றையும் நான் மாற்றியிருக்க வேண்டும்.

இரண்டாவது, இதோ இந்தக் கார். வெள்ளவத்தையில் இருந்த ஓய்வுபெற்ற வைத்தியர் ஒருவருடையது. ஏ9 வீதி திறந்த காலத்தில் இருந்து கொழும்புக்கும் யாழ்ப்பாணத்துக்கும் ஓடிக்கொண்டே இருந்திருக்கிறது. அவர் கையில் ஒரு தடித்த கோவை. ஒவ்வொரு எண்ணெய் மாற்றத்துக்கும் திகதியும் கிலோமீற்றரும் எழுதிய பில். அதற்குள் நான் தேடியது ஒரேயொரு பில்லைத்தான். 1990களின் முற்பகுதியில் வந்த இந்த வகைக் கார்களில் எஞ்சினுக்குப் போகும் மின்கம்பிக் கோவையின் உறை வெப்பத்தில் பிஸ்கட் போல உதிர்ந்துவிடும். உலகம் முழுவதும் தெரிந்த குறை அது. வைத்தியர் அந்த மின்கம்பிக் கோவையை முழுதாக மாற்றியிருந்தார். அந்தப் பில்லைப் பார்த்ததும் விலை பேசத் தொடங்கிவிட்டேன்.

பார்க்கப் போகிறவர்களுக்குச் சில விடயம். விற்பவரிடம், நான் வரும்வரை ஸ்ரார்ட் செய்யாதீர்கள் என்று முன்பே சொல்லிவிடுங்கள். போனதும் பொனற்றில் கை வையுங்கள், குளிராக இருக்க வேண்டும். இந்த எஞ்சினின் வால்வுகளை இயக்குவது பெல்ட் அல்ல, சங்கிலி. தேய்ந்திருந்தால் குளிர்ந்த எஞ்சின் எழும்பும் அந்த முதல் சில விநாடிகளில்தான் சத்தம் காட்டும். மீற்றரைத் திருப்பியிருக்கிறார்களா என்ற சந்தேகத்துக்குப் பெடலின் இறப்பரையும் ஸ்ரியரிங் தோலையும் ஓட்டுநர் இருக்கையின் கதவுப்பக்க ஓரத்தையும் பாருங்கள். மீற்றர் குறைவாகக் காட்டும்போது அவை மழமழவென்று தேய்ந்திருக்கக் கூடாது.

கமராவைக் கொஞ்சம் கீழே இறக்குகிறேன். கதவுகளுக்குக் கீழே இந்தப் பிளாஸ்டிக் பட்டி தெரிகிறதா? இதற்குப் பின்னால் துரு ஒளிந்திருக்கும். யாழ்ப்பாணத்தில் நமக்கு மூன்று பக்கமும் கடல், உப்புக்காற்று. ஜக் வைக்கும் நான்கு இடங்களிலும் விரலால் அழுத்திப் பாருங்கள். எஞ்சினைப் புதுப்பிக்கலாம், உக்கிய உடலைப் புதுப்பிப்பது பெரிய சீரழிவு.

சரி, வாங்கியாயிற்று. இரண்டாவது மாதம் கொழும்பில் இருந்து வருகிறேன். மாங்குளம் தாண்டியதும் வெப்ப ஊசி 90இல் இருந்து மெல்ல ஏறியது. 100, 110. ஏசியை நிறுத்தினேன், ஹீற்றரை முழு வேகத்தில் போட்டேன், எஞ்சினின் சூட்டில் ஒரு பகுதி அதனால் உள்ளே இறங்கும். முறிகண்டிப் பிள்ளையாரடியில் ஒதுக்கி நிறுத்தினேன். எல்லா வாகனமும் தேங்காய் உடைத்துக் கச்சான் வாங்கும் இடத்தில், பொனற்றைத் திறந்துவைத்து ஒன்றரை மணித்தியாலம் இருந்தேன். தண்ணீர் ஊற்றும் மூடியைத் தொடவில்லை. சூட்டோடு திறந்தால் கொதிநீர் முகத்தில் அடிக்கும்.

மறுநாள் றேடியேற்றரைக் கழற்றினோம். உள்ளே வெள்ளை வெளேரென்று சுண்ணாம்பு. எப்போதோ, எங்கோ ஒரு கராச்சில் கிணற்றுத் தண்ணீர் ஊற்றியிருக்கிறார்கள். யாழ்ப்பாணத்தின் அடிநிலம் சுண்ணக்கல் என்பது உங்களுக்குத் தெரியும், நம் கேத்தில்களின் அடியைப் பார்த்தாலே போதும். அதே படிவு மெல்லிய குழாய்களை அடைத்திருந்தது. அதை மறைக்க, றேடியேற்றருக்குத் தண்ணீர் போவதைக் கட்டுப்படுத்தும் தெர்மோஸ்டாட்டையும் கழற்றி எறிந்திருந்தார்கள். "நம் வெயிலுக்கு அது தேவையில்லை" என்று இன்றும் சொல்கிறவர்கள் இருக்கிறார்கள். தயவுசெய்து கேட்காதீர்கள். அது இல்லாவிட்டால் எஞ்சின் தன் வெப்பநிலைக்கு வர நேரம் எடுக்கும், அதுவரை பெற்றோலைக் கூடுதலாகக் குடிக்கும், தேய்மானமும் கூடும்.

அன்று அப்பா பக்கத்தில் நின்று பார்த்தார். 90களில் போரால் யாழ்ப்பாணத்துக்குப் பொருளாதாரத் தடை இருந்தபோது எங்கள் ஒஸ்ரின் ஏ40 கார் மண்ணெண்ணெயில்தான் ஓடியது. சில துளி பெற்றோல் விட்டு ஸ்ரார்ட் செய்து, பிறகு மண்ணெண்ணெய்க்கு மாற்றுவார்கள். அப்படிப்பட்ட காலத்திலும் அப்பா அதன் றேடியேற்றருக்குக் கிணற்றுத் தண்ணீர் விட்டதில்லையாம். மாரியில் கூரையால் வடியும் மழைநீரைப் பானையில் பிடித்து வைத்திருந்து ஊற்றியிருக்கிறார். அந்தப் பானையைச் சின்ன வயதில் நானே பார்த்திருக்கிறேன், எதற்கென்று கேட்கவில்லை.

இந்தக் காருக்கு மழைநீரும் போதாது. சிலிண்டர் தலை அலுமினியம், அதை அரிக்கவிடாமல் காப்பதற்குக் கூலன்ற் வேண்டும். காய்ச்சி வடித்த நீரும் கூலன்றும் பாதிக்குப் பாதி. வேறு வேறு வகைகளைக் கலக்காதீர்கள். புது றேடியேற்றர், புது தெர்மோஸ்டாட் போட்ட பிறகு இன்றுவரை ஊசி 90ஐ விட்டு அதிகம் அசையவில்லை. இத்தனை இலட்சம் கிலோமீற்றர் கெடுக்காத எஞ்சினை ஒரு வாளித் தண்ணீர் கெடுக்கப் பார்த்தது.

கியர்பொக்ஸ் பற்றியும் கேட்டிருந்தீர்கள். இது நான்கு கியர் ஓட்டோ. எண்ணெயும் வடிகட்டியும் 60,000 கிலோமீற்றருக்கு ஒரு தடவை மாற்ற வேண்டும். பலர் அடித்தட்டின் எண்ணெயை மட்டும் வடித்துவிட்டு வேலை முடிந்தது என்கிறார்கள். எஞ்சினின் சுழற்சியைக் கியர்பொக்ஸுக்குக் கொடுக்கும் டோர்க் கன்வேற்றரிலும் ஒரு வடிகால் ஆணி இருக்கிறது. எஞ்சினைக் கையால் சுற்றி அந்த ஆணியைக் கீழே கொண்டுவந்து திறந்தால்தான் மிச்சப் பழைய எண்ணெய் வரும். பக்கத்தில் நின்று பார்த்துச் செய்வியுங்கள்.

பாகங்களுக்கு நான் பெட்டியில் உள்ள நட்சத்திரச் சின்னத்தைத் தேடுவதில்லை, இலக்கத்தைத்தான் தேடுகிறேன். இந்தக் காரில் 124இல் தொடங்கினால் பெரும்பாலும் உடலும் சஸ்பென்ஷனும், 111இல் தொடங்கினால் எஞ்சின். லெம்ஃபோர்டர், போஷ், மான் பெட்டிகளில் நல்ல தரமான பாகங்கள் வருகின்றன. கதவு, விளக்கு, கண்ணாடி போன்றவற்றுக்குக் கொழும்பில் பஞ்சிகாவத்தை, பாவித்த பாகங்கள் விற்கும் இடம். இறப்பர்ச் சாமான் மட்டும் பாவித்தது வேண்டவே வேண்டாம்.

பணம்? வாங்கிய விலையில் ஐந்தில் ஒரு பங்கை முதல் வருடத்துக்கென்று தனியாக வைத்திருந்தேன். அதில் ஒரு சதம் மிஞ்சவில்லை. இரண்டாம் வருடம் எண்ணெய், வடிகட்டி, பிரேக் பாட் மட்டும்தான். கையில் இருப்பதையெல்லாம் விலைக்கே கொடுத்துவிட்டு ஆடம்பரக் கார் வாங்க நினைக்கிற தம்பிமாருக்குச் சொல்கிறேன், அதே காசுக்கு ஒரு நல்ல கொரோலா வாங்குங்கள். கார் பழசாகிறபோது அதன் விலை இறங்கும், பாகங்களின் விலை இறங்காது. பென்ஸுக்குப் போடுவது என்றைக்கும் பென்ஸ் பாகம்தான்.

இப்போது ஒரே ஒரு வேலை மிச்சம் இருக்கிறது. எஞ்சின் தாங்கும் இறப்பர்கள் இறங்கிவிட்டன, கியரை டியில் (ஓட்டும் நிலையில்) வைத்தபடி நிறுத்தினால் ஸ்ரியரிங்கில் ஒரு நடுக்கம் தெரிகிறது. ஜேர்மனியில் இருக்கும் மச்சான் ஆவணியில் வருகிறார். போன தடவை இங்கிருந்து ஒடியலும் பனாட்டும் கொண்டுபோன பெட்டியில், இந்தத் தடவை இரண்டு எஞ்சின் மவுண்ட் வருகிறது. கழற்றிப் பூட்டும் அன்று கமராவைக் காருக்குக் கீழேயே வைக்கிறேன், வந்து பாருங்கள்.