மெனோபாஸ் சமயத்தில் மூச்சு இளைத்தால்

வணக்கம். இன்றைய வீடியோ நாற்பத்தைந்தைத் தாண்டிய பெண்களுக்கு. படியேறினால் இளைப்பு, ராத்திரியில் இருமல். வீட்டில் சொன்னால் 'வயசாகுது இல்ல' என்று ஒரே வரியில் முடித்துவிடுகிறார்கள். எனக்கு எரிச்சலே அங்கேதான். அந்த இளைப்பு ஆஸ்துமாவாகவும் இருக்கலாம்.

சின்ன வயதில் ஆஸ்துமா பையன்களுக்குத்தான் அதிகம். பருவ வயதுக்குப் பிறகு அது தலைகீழாகிறது. ஹார்மோன்களுக்கும் இதில் பங்கு உண்டு. மாதவிடாய்க்கு முந்தின நாட்களில் சிலருக்கு இளைப்பு கூடும். மெனோபாஸை ஒட்டிய வருடங்களில் அந்த ஹார்மோன்கள் ஏறி இறங்கி ஆட்டம் காட்டும்போது, அடங்கியிருந்த ஆஸ்துமா திரும்பலாம், புதிதாகவும் தொடங்கலாம்.

குழப்பம் ராத்திரியில்தான். ஹாட் ஃப்ளாஷும் தூக்கத்தைக் கலைக்கும், ஆஸ்துமாவும் கலைக்கும். முகம், கழுத்தெல்லாம் சூடு பரவி, வியர்த்து, சில நிமிடங்களில் தணிந்தால் பெரும்பாலும் ஹாட் ஃப்ளாஷ். நெஞ்சு இறுகி, இருமி, மூச்சை வெளியே விடும்போது விசில் மாதிரி சத்தம் வந்தால் ஆஸ்துமாவைச் சந்தேகிக்கலாம். ஆனால் இந்த வயதில் அதிக ரத்தப்போக்கால் வரும் ரத்தசோகையும் இளைக்க வைக்கும், இதயக் கோளாறும் இளைக்க வைக்கும். அதனால் ஊகம் வேண்டாம், ஸ்பைரோமெட்ரி கேளுங்கள். ஒரு குழாயில் முழு மூச்சையும் வேகமாக ஊதச் சொல்வார்கள். மூச்சுக்குழாயை விரிக்கும் மருந்தை உள்ளிழுத்துவிட்டு மறுபடி ஊத வேண்டும். முதல் ஒரு நொடியில் வெளியேறும் காற்று 12 சதவீதமும் 200 மில்லிலிட்டரும் கூடினால் அது ஆஸ்துமாவுக்கு நல்ல ஆதாரம். நன்றாக இருக்கும் நாளில் சோதனை இயல்பாகவே வரலாம். அப்போது, ஊதும் வேகத்தை அளக்கும் சின்னக் கருவியான பீக் ஃப்ளோ மீட்டரில் காலையும் மாலையும் இரண்டு வாரம் ஊதிக் குறித்துக்கொண்டு போங்கள்.

அப்புறம் மாத்திரைப் பட்டியலையும் காட்டுங்கள். படபடப்புக்குக் கொடுக்கும் புரோப்ரனலால் ஆஸ்துமாவைக் கிளப்பிவிடும். மூட்டுவலிக்குப் போடும் இப்யூபுரூஃபென் சிலருக்கு ஒத்துக்கொள்ளாது. ஹார்மோன் சிகிச்சை பற்றி ஆய்வுகள் ஒரே குரலில் பேசவில்லை. நீங்களாகத் தொடங்கவோ நிறுத்தவோ வேண்டாம்.

இப்போது ஸ்டீராய்டு பயம். 'இன்ஹேலரில் ஸ்டீராய்டு இருக்கே, எலும்பு போய்விடுமே' என்று அதை ஒதுக்கிவிட்டு, இளைக்கும்போது மட்டும் நிவாரண இன்ஹேலரை அடிப்பவர்கள் நிறைய. அந்த மருந்து மூச்சுக்குழாயை விரிக்குமே தவிர உள்ளே இருக்கும் அழற்சியைத் தொடாது. அதை மட்டும் நம்பியிருக்கும் சிகிச்சையை 2019 முதல் ஜினா என்ற உலகளாவிய ஆஸ்துமா வழிகாட்டி பரிந்துரைப்பதில்லை. அழற்சி முற்றி ஒருநாள் பெரிய தாக்குதல் வந்தால் கொடுப்பது ஸ்டீராய்டு மாத்திரை. அது அடிக்கடி தேவைப்பட்டால் எலும்புக்கு உண்மையான சேதம்; அதுவும் ஈஸ்ட்ரோஜன் குறைந்து எலும்பு தேய ஆரம்பிக்கும் அதே வயதில். தினசரி ஸ்டீராய்டு இன்ஹேலரின் அளவு மைக்ரோகிராம் கணக்கு, நேராக நுரையீரலுக்குப் போகிறது. எலும்புக் கவலை இருந்தால், எலும்பின் அடர்த்தியை அளக்கும் டெக்ஸா ஸ்கேன் எடுக்கலாமா என்று கேளுங்கள்.

இன்ஹேலர் எடுத்ததும் வாயைக் கொப்பளித்துத் துப்பிவிடுங்கள், இல்லாவிட்டால் நாக்கில் வெள்ளையாகப் படியும். இன்ஹேலரோடு மாட்டும் குடுவையான ஸ்பேசரைப் பிடிக்கும் விதத்தை அடுத்த வீடியோவில் செய்தே காட்டுகிறேன்.