கார்த்தேஜுக்கு ரோம் எழுதிக் கொடுத்த சமாதானம்

அவையோர் அனைவருக்கும் வணக்கம். பண்டைய மத்தியதரைக் கடலைச் சுற்றி நடந்த போர்களை முடித்துவைத்த உடன்படிக்கைகள் பல உண்டு. அவற்றுள் ஒன்றை மட்டுமே இன்று விரித்துப் பேச எண்ணுகிறேன். ரோமுக்கும் வட ஆப்பிரிக்கக் கரையிலிருந்த கார்த்தேஜுக்கும் இடையே நடந்த இரண்டாம் பியூனிக் போரின் முடிவில், கி.மு. 201இல், இரு தரப்பும் செய்துகொண்ட உடன்படிக்கை அது. ஐம்பது ஆண்டுகள் அது நிலைத்தது. கடைசித் தவணைப் பணத்தைக் கட்டிய கையோடு போர் மூண்டது. கார்த்தேஜை அழித்தது தோற்றவர் தலையில் ஏற்றப்பட்ட பணச்சுமைதான் என்று பலரும் எண்ணுகிறார்கள். நான் அப்படிக் கருதவில்லை.

அதற்கு முன்னதாக முதல் பியூனிக் போரின் முடிவை ஒரு பார்வை பார்த்துவிடுவோம். கி.மு. 241 மார்ச் மாதத்தில், ஏகேடிஸ் தீவுகளுக்கருகே கார்த்தேஜின் கடற்படை முறியடிக்கப்பட்டது. ரோமானியத் தளபதி லுட்டாஷியஸ் கட்டுலஸும் கார்த்தேஜின் ஹமில்கார் பார்காவும் பேசி, சிசிலியைவிட்டு வெளியேறுவது, இருபது ஆண்டுகளில் 2,200 டாலண்ட் (ஒரு டாலண்ட் ஏறத்தாழ 26 கிலோ எடை) வெள்ளி கட்டுவது என்று முடிவு செய்தார்கள். ரோமானிய மக்கள் மன்றம் இதை ஏற்க மறுத்துப் பத்துப் பேர் கொண்ட குழுவை அனுப்பியது. தொகை 3,200 ஆக உயர்ந்தது. தவணைக்காலம் பாதியாகக் குறைந்தது. சில ஆண்டுகளே கழிந்திருந்தன. கார்த்தேஜ் தன் சொந்தக் கூலிப்படையின் கலகத்தால் நிலைகுலைந்திருந்த நேரத்தில் ரோம் சார்டினியாவைப் பறித்துக்கொண்டு, மேலும் 1,200 டாலண்டையும் கேட்டு வாங்கியது. ரோமின்மீது பெருமதிப்புக் கொண்ட வரலாற்றாசிரியர் பாலிபியஸே இதற்கு எந்த நியாயமும் இல்லை என்று எழுதிவைத்திருக்கிறார்.

இனி 201க்கு வருவோம். ஸாமா போரில் கார்த்தேஜின் தளபதி ஹனிபாலை வென்ற ரோமானியத் தளபதி ஸ்கிபியோ விதித்த நிபந்தனைகள் கடுமையானவை. பத்துப் போர்க்கப்பல்கள் தவிர மற்ற எல்லாவற்றையும், போர்யானைகள் அனைத்தையும் ஒப்படைக்க வேண்டும். புதிதாக யானைகளைப் பழக்கவும் கூடாது. ஸ்கிபியோவே தேர்ந்தெடுக்கும் நூறு பேரைப் பிணையாளிகளாக அனுப்ப வேண்டும். ஆண்டுக்கு 200 டாலண்ட் வீதம் ஐம்பது ஆண்டுகளில் பத்தாயிரம் டாலண்ட் கட்ட வேண்டும். இன்றைய கணக்கில் அது ஏறத்தாழ 260 டன் வெள்ளி. கார்த்தேஜின் அவையில் கிஸ்கோ என்பவர் இதை எதிர்த்துப் பேச எழுந்தபோது, ஹனிபாலே அவரை மேடையிலிருந்து பிடித்திழுத்துக் கீழே இறக்கினாராம். கூட்டம் சலசலத்ததும், ஒன்பது வயதில் ஊரைவிட்டுப் போனவன் நான், அவை மரபு அறியேன், பொறுத்தருள்க என்று சொல்லிவிட்டு, உடன்படிக்கையை ஏற்கும்படி வாதாடினார் என்கிறார் ரோமானிய வரலாற்றாசிரியர் லிவி. போரைத் தொடர முடியாது என்பதை அந்த அவையில் அவரைவிட நன்கறிந்தவர் யாரும் இருந்திருக்க முடியாது.

சடங்குக்குரிய ரோமானியப் பூசாரிகள், பலியிடுவதற்கான சிக்கிமுக்கிக் கல்லையும் புனிதப் பச்சிலையையும் தங்கள் ஊரிலிருந்தே எடுத்துக்கொண்டு கடல் கடந்து ஆப்பிரிக்காவுக்கு வந்தார்கள். கையளிக்கப்பட்ட கப்பல்களை நகரத்தார் கண்முன்னே ஸ்கிபியோ தீயிட்டார்.

முதல் தவணை ரோமுக்குப் போய்ச் சேர்ந்தபோது, உருக்கிப் பார்த்ததில் காற்பங்கு வெள்ளி கலப்படம் என்று தெரியவந்தது. குறைந்த தொகையைக் கார்த்தேஜின் தூதர்கள் ரோமிலேயே கடன் வாங்கி அடைத்தார்கள்! ஆனால் இந்த நெருக்கடி நீடிக்கவில்லை. கி.மு. 191இல், மீதித் தொகை முழுவதையும் ஒரே தடவையில் கட்டிவிடுகிறோம் என்று கார்த்தேஜ் முன்வந்தது. ரோம் வாங்க மறுத்துவிட்டது. தண்டம் கட்டும் நாடாகக் கார்த்தேஜ் ஆண்டுதோறும் தன் வாசலில் வந்து நிற்பதே ரோமுக்கு வேண்டியிருந்தது. வெள்ளி அதற்கு இரண்டாம்பட்சம் என்றுதான் நான் இதைப் புரிந்துகொள்கிறேன்.

அப்படியானால் கார்த்தேஜை வீழ்த்தியது எது? அவ்வளவாகப் பேசப்படாத இரண்டு விதிகள் உள்ளன. ரோமின் அனுமதியின்றிக் கார்த்தேஜ் ஆப்பிரிக்காவுக்குள்ளும் போர் தொடுக்கக் கூடாது என்பது ஒன்று. கார்த்தேஜின் அண்டை நாடான நுமிடியாவின் அரசர் மாசினிஸ்ஸாவுக்கோ அவருடைய முன்னோருக்கோ உரிமையாக இருந்த நிலம் அனைத்தையும் திருப்பித் தர வேண்டும் என்பது மற்றொன்று. முன்னோர் என்றால் எத்தனை தலைமுறை, நிலம் என்றால் எந்த ஆற்றிலிருந்து எந்த மலைவரை என்பதெல்லாம் தீர்மானிக்கப்படவே இல்லை. தனித்தனியே பார்த்தால் இரண்டும் தாங்கக்கூடியவை. சேர்ந்தபோது, மாசினிஸ்ஸா எவ்வளவு கேட்டாலும் வாளெடுத்துத் தடுக்க முடியாத நிலை கார்த்தேஜுக்கு ஏற்பட்டது. வழக்கைத் தீர்க்கும் நடுவரோ மாசினிஸ்ஸாவின் நண்பரான ரோம்.

கி.மு. 193இல், லெப்டிஸ் நகரைச் சேர்ந்த வளமான கடற்கரைப் பகுதியை மாசினிஸ்ஸா தன்னுடையது என்றார். அந்த ஒரு நகரம் மட்டுமே கார்த்தேஜுக்கு நாளொன்றுக்கு ஒரு டாலண்ட் வரி கட்டி வந்தது. விசாரிக்க ரோம் அனுப்பிய மூவரில் ஸ்கிபியோவும் ஒருவர். அவர் நினைத்திருந்தால் ஒரு தலையசைப்பில் வழக்கைத் தீர்த்திருக்கலாம் என்று லிவி எழுதுகிறார். மூவரும் எல்லாவற்றையும் கேட்டார்கள், பார்த்தார்கள், ஒன்றையும் தீர்க்காமல் திரும்பினார்கள். பல ஆண்டுகள் கழித்து அந்தப் பகுதி மாசினிஸ்ஸாவுக்கே என்று ரோம் தீர்ப்பளித்ததுடன், அதுவரை அனுபவித்த வருவாய்க்கு ஈடாக 500 டாலண்டையும் கார்த்தேஜ் தர வேண்டும் என்றது.

கடைசித் தவணை தீர்ந்த பிறகு, கி.மு. 150இல், பொறுக்க முடியாமல் கார்த்தேஜ் மாசினிஸ்ஸாமீது படையெடுத்துத் தோற்றது. அனுமதியின்றிப் போரிட்டதாகக் குற்றம் சாட்டி ரோம் 149இல் போர் அறிவித்தது. 146இல் நகரம் தரைமட்டமானது. அதற்கு ஈராண்டுகளுக்கு முன்பே மாசினிஸ்ஸா இறந்துவிட்டார். நகரை அழித்த ஸ்கிபியோ எமிலியானஸ் (ஸாமாவில் வென்ற ஸ்கிபியோவின் தத்துப் பேரன்), ரோமின் புதிய ஆப்பிரிக்க மாகாணத்துக்கும் நுமிடியாவுக்கும் இடையே நீண்ட அகழி ஒன்றை எல்லையாக வகுத்தார். 201இல் கார்த்தேஜுக்கு வரைந்து தராத எல்லையை, அந்த நிலம் தனக்கே சொந்தமானவுடன் ரோம் தெளிவாக வரைந்துகொண்டது.