பொற்கோயில் சாவியும் வாக்குச் சீட்டும்

நேயர்களுக்கு வணக்கம். 1921 நவம்பரில் அமிர்தசரஸ் துணை ஆணையர் பொற்கோயில் கருவூலச் சாவிகளைப் பறித்துக்கொண்டார். சீக்கியர்கள் சாரை சாரையாகச் சிறைக்குப் போனார்கள். 1922 ஜனவரியில் சாவிகளைத் திருப்பித் தருவதைத் தவிர அரசுக்கு வேறு வழியில்லாமல் போயிற்று. பரம்பரை நிர்வாகிகளான மகந்துகள் கையிலிருந்த குருத்வாராக்களை, அதாவது சீக்கியக் கோயில்களை, மீட்கும் போராட்டம் அதன் பிறகும் ஓயவில்லை. 1925இல் சீக்கிய குருத்வாராச் சட்டம் வந்தது.

நம் ஊர் அறநிலையத் துறையைப் பார்த்துப் பழகியவர்களுக்கு அந்தச் சட்டம் விசித்திரமாகத் தெரியும். அங்கே செயல் அலுவலர் கிடையாது. குருத்வாராக்களை நிர்வகிக்கும் சிரோமணி குருத்வாரா பிரபந்தக் கமிட்டியின் 170 உறுப்பினர்களைச் சீக்கியர்களே வாக்களித்துத் தேர்ந்தெடுக்கிறார்கள். பெண்களுக்கும் 1925லேயே வாக்குரிமை கிடைத்துவிட்டது. நியமன உறுப்பினர்கள் 15 பேர், தக்துகள் எனப்படும் ஐந்து உயர் பீடங்களின் தலைவர்கள், பொற்கோயிலில் புனித நூலை ஓதும் தலைமை கிரந்தி ஆகியோரையும் சேர்த்தால் 191.

சட்டமன்ற வாக்காளர் பட்டியல் இதற்குச் செல்லாது. தனியே விண்ணப்பிக்க வேண்டும். வயது 21 ஆகியிருக்க வேண்டும். முடியையோ தாடியையோ வெட்டுபவர், புகைப்பவர், மது அருந்துபவர் வாக்காளர் ஆக முடியாது. யார் சீக்கியர் என்ற கேள்வி இப்படித்தான் விண்ணப்பப் படிவத்துக்குள் நுழைகிறது. சிக்கலும் அங்கேதான் தொடங்கியது.

முடி வளர்க்கும் கட்டுப்பாடு இல்லாத சஹஜ்தாரிகளுக்கும் முன்பு வாக்கு இருந்தது. 2003இல் மத்திய அரசு ஓர் அறிவிக்கையால் அதை நீக்கியது. 2011 செப்டம்பரில் தேர்தல் நடந்தது. அதே டிசம்பரில் உயர்நீதிமன்றம் அறிவிக்கையை ரத்து செய்தது. வென்றவர்கள் பதவியில் உட்கார முடியவில்லை. பழைய செயற்குழுவே நிர்வாகத்தைத் தொடர்ந்தது. 2016இல் நாடாளுமன்றம், 2003 முதலே செல்லும்படி சட்டத்தைத் திருத்திய பிறகுதான் புதிய அவை கூடியது. சமூகம் தனக்குள் பேசி முடிக்க வேண்டிய விஷயத்தை நாடாளுமன்றம் முடித்து வைத்தது. எனக்கு இது உறுத்தலாகவே இருக்கிறது.

இதில் டெல்லி எப்படி வந்தது? 1966இல் பஞ்சாப் பிரிந்ததும் கமிட்டி பல மாநிலங்களுக்குப் பொதுவான அமைப்பாகிவிட்டது. தேர்தல் ஆணையரை நியமிப்பது மத்திய அரசு. அவர் நியமிக்கப்படும் வரை தேர்தல் வேலை தொடங்காது. ஐந்தாண்டுப் பதவிக்காலம், 2016இலிருந்து கணக்கிட்டாலும், 2021லேயே முடிந்துவிட்டது. புதிய வாக்காளர் பதிவு தொடங்கியதோ 2023 அக்டோபரில்.

ஹரியானா தன் குருத்வாராக்களுக்கு 2014இல் தனிச் சட்டம் இயற்றி, இந்தக் கமிட்டியிலிருந்து பிரிந்தது. 2022இல் உச்சநீதிமன்றம் அது செல்லும் என்றது. ஆனாலும் முதலில் அமர்ந்தது மாநில அரசு நியமித்த தற்காலிகக் குழுதான். ஹரியானா கமிட்டியின் 40 இடங்களுக்கான தேர்தல் 2025 ஜனவரியில்தான் நடந்தது.